நன்றி மட்டும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யென்றால் இந்த வயதில் பன்னிரண்டு மாடியும் படியிலேயே ஏறி இறங்கத் தயார்.

லிஃப்ட் பழுது பார்க்கும் பட்டறையின் மேஸ்திரி, வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் சுவரோரம் இருந்ததைப் பிடித்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் அவருக்கு மூச்சு வராது. அவர் சந்தேகத்தோடு ஒரு பார்வை பார்த்தால், சுவர்ப்பல்லிகூட வாலை ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டு உட்காரும்.

புது மேலாளரம்மா மேசைமேல் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் பூட்டுப் போட்ட தகரப்பெட்டி.

முன்பெல்லாம் அந்தப் பட்டறையில் ஒருவரை ஒருவர் குறை சொல்வதென்றால் ஸ்பானர் பறக்கும். இனி எல்லாம் முறைப்படி. படிவத்தில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எழுதியவர் யாரென்று வெளியே வராது. மேலாளரம்மா சுடுசொல்லையெல்லாம் வடிகட்டி, பாராட்டு ஒன்று, திருத்தம் ஒன்று என்று பக்குவமாக மாற்றி வாசிப்பார். கேட்டுக்கொள்பவர் 'நன்றி' என்று மட்டும் சொல்லலாம். வேறு பேச்சு கிடையாது.

இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும், புதுக் கிளைக்குத் தலைவர் யார் என்று அறிவிப்பு. பெயர் எழுதி ஒட்டிய உறை மேலாளரம்மாவின் கோப்பில் தயாராக இருந்தது. போட்டியில் இரண்டே பேர். ஒருவர் மேஸ்திரி. இன்னொருவன் வயரிங் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன்.

அதனால்தான் மேஸ்திரி திங்கட்கிழமையே கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மச்சினன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

"இது மேஸ்திரியைப் பத்தி," என்றார் மேலாளரம்மா.

மேஸ்திரியின் காதுகள் இரண்டும் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தன. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"கருவிகளிடம் மிகுந்த பாசம் உள்ளவர். அவ்வப்போது அவற்றை ஸ்டோருக்கும் அனுப்பி வைத்தால், அவையும் தங்கள் சொந்தபந்தங்களைப் பார்க்கும்."

ஸ்டோர் அக்கா தலையாட்டினாள். தேவைக்கு மேல் இரண்டு தடவை.

டிரில் மெஷின் தன் கட்டிலுக்கு அடியில் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

"நன்றி," என்றார் மேஸ்திரி. அவர் பல்லைக் கடித்த சத்தத்தில் கடிகாரத்து மணல் ஒரு நொடி நின்று பிறகு இறங்கியது.

"பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பதில் தாராளம். தவறு நேரும்போது தனக்கும் ஒரு பங்கு எடுத்துவைத்துக்கொள்ளலாம்."

வெல்டர் இருமினான். அது இருமல் இல்லை. ஏழாம் மாடியில் கதவு சிக்கியதற்குப் பழி அவன் தலையில் விழுந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஆனால் வெல்டர் ஒரு வரி எழுதினால் நாலு நாள் லீவு கேட்பவன். அவனாக இருக்காது.

"நன்றி."

"விளக்கிச் சொல்லும் திறமை அபாரம். அதில் கொஞ்சத்தை வேலைக்கும் செலவிடலாம்."

மச்சினன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

மேஸ்திரிக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. பழைய பகை! முப்பது வருடம் வேலைச்சீட்டு நிரப்பிய கை அவருடையது. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் முதல் கோட்டில் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றதைப் படிக்கும். அந்த வேகத்தில் மச்சினனின் கல்யாணப் பதிவேட்டில் மாப்பிள்ளை என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டார். மணப்பெண் ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். அதை இன்னமும் மனசில் வைத்துக்கொண்டு கருவுகிறான் பாவி.

"டேய், இது நீ எழுதினதுதானே?"

"நானா? உங்களைப் பத்தி எழுத ஒரு தாள் போதுமா மாமா?"

"நன்றி மட்டும்," என்று நினைவூட்டினார் மேலாளரம்மா. "இன்னிக்கு அவ்வளவுதான். வேற யாரைப் பத்தியும் இல்ல."

இல்லையா? அப்படியானால் மச்சினனைப் பற்றி எழுதிப் போட்டது எங்கே?

எடுத்துவிட்டான். வயரிங்காரனுக்கு ஒரு தகரப்பெட்டிப் பூட்டு எம்மாத்திரம்!

மேஸ்திரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்றேன், எழுதிக்குங்க. இதை எழுதிப் போட்டது எவனா இருந்தாலும், அவன் தலைவன் ஆகக் கூடாது. அவன்கீழ ஒரு மனுஷன் வேலை செய்வானா?"

"செய்யமாட்டான்," என்றான் வெல்டர்.

"நானும் அதையேதான் சொல்றேன் மாமா," என்று மச்சினன் கையைத் தூக்கினான்.

திருடனுக்கு என்ன தைரியம் பாருங்கள்.

மேலாளரம்மா மேஸ்திரியையே வெகுநேரம் பார்த்தார். கடைசி மணலும் இறங்கி முடிந்தது.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"என் தலைமேல அடிச்சுச் சொல்றேன்!"

மேலாளரம்மா கோப்பிலிருந்த உறையை எடுத்தார். பிரிக்காமலே நாலாகக் கிழித்தார். புதுத்தாள் ஒன்றில் மச்சினன் பெயரை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தார்.

"நன்றி," என்றான் மச்சினன். முறைப்படி.

அந்த வாரம் பெட்டியில் விழுந்திருந்தது ஒரே ஒரு படிவம். அதன் முதல் கோட்டில், 'யாரைப் பற்றி' என்று கேட்டிருந்த இடத்தில், மேஸ்திரியின் பெயர் மேஸ்திரியின் கையெழுத்திலேயே இருந்தது.