முதல் பத்து விநாடி

டன்லப் ஸ்திரீட்டில் இருக்கும் என் பாட்டு சிடி கடைக்கு செபஸ்தியான் வருவது இது மூன்றாவது நாள். பழைய ஜாஸ் பாடல்களின் மலிவு சிடி தொகுப்புகளை ஒவ்வொன்றாகப் போடச் சொல்வார். பத்தே விநாடி. பாடகி வாயைத் திறக்கும் முன்பே, "போதும், அடுத்தது" என்பார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "பாட்டையே கேட்காம எப்படி சார் தரம் பார்ப்பீங்க?"

"இதுல இரைச்சலே இல்ல. ஆனா, பாடுறதுக்கு முன்னாடி அவ மூச்சு இழுக்கிறதும் கேட்கல."

"பழைய ரெக்கார்டு இரைச்சலை எடுத்தா அதுவும் சேர்ந்து போயிடும் லா."

கடைசியாக, இருப்பதிலேயே மலிவான தொகுப்பைப் போட்டேன். கரகரவென்று ஒரே இரைச்சல். நடுவே பாடகி மூச்சை இழுப்பது கேட்டது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இதைச் சுத்தம் பண்ணது யாரு?"

"யாரும் கை வைக்கல சார். பழைய ரெக்கார்டுல இருந்தபடியே காப்பி பண்ணியிருக்காங்க."

"அதான் சரி."

"பேக் பண்ணவா?"

"வேணாம். எனக்கு ஜாஸ் பிடிக்காது."

சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். "என் மனைவி ஆஸ்பத்திரியிலேருந்து கடைசியா அனுப்பின வாய்ஸ் மெசேஜ். ஆக்ஸிஜன் மெஷின் சத்தத்தை எடுத்துடலாம்னு மக சொல்றா."

அழுத்தினார். மெஷின் இரைந்தது. நடுவே ஒரு பெண் சிரமப்பட்டு மூச்சை இழுத்தாள்.

முதல் வார்த்தை வரும் முன்பே செபஸ்தியான் நிறுத்திவிட்டார்.