வெட்டாத புல்

பூங்காவின் ஒரு பகுதியில் புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்திருந்தது.

"இங்க அதிகாரின்னு ஒருத்தி இருக்காளா, தூங்குறாளா?" என்றார் கேப்டன். காலை நடைக்கு வரும் பெண்களை வழிநடத்தும் பெண்மணி என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

புதிதாக மாற்றலாகி வந்த அந்தப் பூங்கா அதிகாரி, இரண்டடி தள்ளி, புதருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேப்டன் மேல் அவளுக்குக் கோபமில்லை. கேப்டனுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்ற தன் அம்மா மேல்தான்.

வீட்டில் கேட்டேவிட்டாள். "என்னை உன் பொண்ணுன்னு சொல்லிக்க வெட்கமா இருக்காம்மா?"

"சாப்பிடு, ஆறிடும்" என்றாள் அம்மா.

அந்தப் புல்லில் பட்டாம்பூச்சிகள் முட்டையிட்டிருந்தன. புழுக்கள் கூடு கட்டி, சிறகோடு வெளியே வரும்வரை புல்வெட்டும் இயந்திரம் ஓடக் கூடாது என்பது மகளின் முதல் சொந்தத் திட்டம். புகார்கள் குவிந்ததும் மேலதிகாரி கைகழுவிவிட்டார். பூங்காவுக்கு வருபவர்களே கூடி முடிவு செய்யட்டும். வெட்டச் சொன்னால் மறுநாளே வெட்டிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கூட்டத்தில் ஒருவர் பாம்பு வரும் என்றார். நடைபாதை ஓரம் மட்டும் ஒட்ட வெட்டிவிடுவதாக மகள் சொன்னாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வெட்ட வேண்டாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

முதல் கை கேப்டனுடையது. பின்னாலேயே அவர் கூட்டம் மொத்தமும் தூக்கியது. எண்ணிப் பார்த்ததில் புல் பிழைத்துவிட்டது.

அம்மாவின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேப்டன் அவளிடம் வந்து, அம்மாவைக் கைகாட்டினார். "உன்னைத் திட்டினவதான் நான். மனசு மாறினதுக்கு இந்தம்மாதான் காரணம். தினமும் அந்தப் புல்லுகிட்ட வந்ததும் இவங்க ஷூ லேஸ் அவிழ்ந்துடும். கட்டி முடிக்கிற வரைக்கும் நாங்க என்ன பண்றது? பட்டாம்பூச்சியைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கணும். எங்களையெல்லாம் இழுத்துவிட்டுட்டு, இன்னைக்கு இவங்க கையே தூக்கல பாரு."

அம்மா நிதானமாக எழுந்து வந்து மகளின் தோளில் கை போட்டாள்.

"நான் தூக்கியிருந்தா பாசத்துல தூக்கினதா ஆயிடும். அவ வேலை தானா ஜெயிக்கணும்னு இருந்தேன். இப்ப சொல்றேன் கேப்டன், இவ என் பொண்ணு."