பெரிய பம்ப்

மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதுமே மூன்றாவது முறையாக நின்றுபோன பிக்கப் சரக்கு வேனை, மாமனார் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்திருந்தார். அதை ஓட்டுகிற மருமகன் ஓரமாக நின்றான்.

“டீசல் ஏத்துற பம்ப் சோதாவாயிடுச்சு. இருக்கிறதுலயே பெரிசாப் போடுப்பா. நாளைக்கு நடுமலையில நின்னா மாப்பிள்ளை உசுருக்கு யார் பதில் சொல்றது?”

“பழசே போதும் மாமா.”

“அட, கஞ்சத்தனத்துல என்னையே மிஞ்சிட்டீங்களே!”

சிரித்தபடி பம்ப் வாங்கப் போனார்.

வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் பேசினார்.

“தம்பி, பம்ப் நல்லாத்தான் இருக்கு. டேங்க்லேர்ந்து வர்ற குழாயோட கிளாம்ப் லூசா இருக்கு. டீசல் ஒரு சொட்டு ஒழுகாது, ஆனா காத்து உள்ள போய் வண்டி நின்னுடும். போன தடவை நானே இறுக்கினேன். இது தானா கழலாது. யாரோ வேணும்னே பண்றாங்க.”

மருமகன் குனிந்து உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது.

“நான்தாண்ணே. போன மாசம் மேல் வளைவுல பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் இறங்கிடுச்சு. அதுலேர்ந்து மலை ஏறவே பயமாயிடுச்சு. வெளியில சொல்ல வெக்கமா இருக்கு.”

மெக்கானிக் பதில் சொல்வதற்குள் மாமனார் புது பம்ப்போடு வந்துவிட்டார்.

“இனி கவலையே இல்ல மாப்பிள்ளை. நாளையிலேர்ந்து தினம் ரெண்டு நடை சரக்கு ஏத்துறதா மலைமேல கடைக்காரங்ககிட்ட சொல்லிட்டேன்.”