பெஞ்சுக் காலடியில் ஒரு மனு

ஏழாம் வகுப்பில் ஒரு பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. புதுப் பெஞ்சு கேட்டுப் பிள்ளைகள் எழுதிய மனு, மூன்று அலுவலகம் சுற்றித் திரும்பி வந்தது. பரீட்சையன்று பெஞ்சு ஆடவே, அதில் உட்கார்ந்து எழுதிய செண்பகவல்லி அந்த மனுவையே மடித்துக் காலடியில் செருகினாள். ஆட்டம் நின்றது.

"நாற்பது கையெழுத்து சுமந்தவன் நான். மிதிபடவா வந்தேன்?" என்றது மனு.

"அந்த மூன்று அலுவலகத்தில் எவன் உன்னைப் பிரித்துப் பார்த்தான், தோழா?" என்றது பெஞ்சு.

பார்வையிட வந்த அதிகாரி அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நன்றாகத்தானே இருக்கிறது. புதுசு எதற்கு?"

"இதோ நழுவுகிறேன். இந்த ஆளை ஆட்டிக் காட்டுகிறேன்!" என்று மனு சீறியது.

"நழுவு. ஆனால் செண்பகவல்லி இன்னும் எழுதி முடிக்கவில்லை" என்றது பெஞ்சு.

மனு இன்னும் கொஞ்சம் அழுந்திக் கொடுத்தது.