காட்பாடியில் ஐந்து நிமிடம்

சுகந்தியின் கணவன் தயாநிதி ராணுவத்தில் ஹவில்தார். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. வீட்டுக்கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கணக்கு மைனஸில் இறங்கும்போதெல்லாம் வங்கி அபராதமாக அவனுடைய லீவில் சில நாட்களை எடுத்துக்கொண்டது. நாட்டைக் காப்பவர்களிடம் போய்ப் பணம் பிடுங்குவதா என்று வங்கியே மனமிரங்கிச் செய்த ஏற்பாடு. எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவன் போனில் ராணுவ பியூகிள் கொம்பு ஊதி மரியாதை வேறு செய்யும்.

அறுபது நாள் லீவு ஒற்றை நாளாகிவிட்டது. அதை மகளின் காதுகுத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான்.

அவன் படைப்பிரிவை இடம் மாற்றும் ரயில் காட்பாடியில் ஐந்து நிமிடம் நின்றது. எட்டு மாதக் குழந்தையோடு சுகந்தி ஓடி வந்தாள். தயாநிதி பெட்டியின் வாசலிலேயே நின்றான்.

"இறங்கி வாங்களேன்."

"கால் கீழ பட்டா லீவுல சேத்துடுவான்டி. பாப்பாவ இப்படிக் குடு."

அப்பாவை முதன்முதலாகப் பார்த்த குழந்தை மீசையைப் பிடித்து இழுத்தது.

"மீசைய மட்டும் பேங்க்காரன் விட்டு வெச்சிருக்கான் போல," என்றாள் சுகந்தி.

வண்டி நகர்ந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு, அவனை ஒருதரம் தொட்டுவிடக் கையை நீட்டினாள். அவனும் நீட்டினான். அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் பியூகிள் ஊதியது. பதினாறு வருடப் பழக்கம். நீட்டிய கை விறைப்பாக நெற்றிக்குப் போய்விட்டது.

அந்தக் கை இறங்குவதற்குள் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டியிருந்தது. சுகந்தி குழந்தையின் காதைத் தடவியபடி நின்றாள்.