எழுபத்திரண்டு தூண்கள்

கடைசி நாள் சாயங்காலம், அரண்மனை வாசலில் நின்றிருந்த டூர் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, தொப்பிக்காரர் கைடின் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார்.

சும்மா வாயால் இல்லை. முழுத்தாளில், இரண்டு பக்கத்துக்குப் புகார்.

மூன்று நாளாகத் தொப்பியைக் கழற்றாததால் பஸ்ஸில் அவருக்கு அந்தப் பெயர். சுற்றிப் பார்ப்பதில் மனிதர் கைதேர்ந்தவர். எந்த ஊரில் இறங்கினாலும் முதல் வேலையாகக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்று தன்னைப் பத்துப் படம் எடுப்பார். 'வரலாற்றின் முன் வாயடைத்து நிற்கிறேன்' என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புவார். வாய் மட்டும் அடைத்ததே இல்லை.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மற்றவர்களும் எல்லா ஊர்களையும் முதுகால்தான் பார்த்தார்கள்.

கைடு விஷயத்துக்கு வருவோம். முதல் நாள் மணிக்கூண்டின் கீழே எல்லோரையும் நிறுத்தி, மூன்று பக்கம்தான் கடிகாரம் உண்டு, நாலாவது பக்கம் வெறும் சுவர் என்றார் அவர்.

முன் சீட்டில் மகளோடு வந்திருந்த பெரியவர் கைத்தடியைத் தூக்கினார்.

"நாலு பக்கமும் இருக்கு."

கைடு ஒரு நொடி அவரைப் பார்த்தார். "ஆமாங்கய்யா, நாலுதான். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் போய்ப் பார்க்க இருபது அடி நடந்தால் போதும். ஆனால் படம் எடுக்க இந்தப் பக்கம்தான் வெளிச்சம் நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் கோட்டையிலும் இதே கதை. கைடு ஒன்று சொல்வார், பெரியவர் மறுப்பார், கைடு உடனே காலில் விழாத குறையாக ஒப்புக்கொள்வார். பெரியவரின் முகம் அப்போது கல்யாண மாப்பிள்ளை முகமாக ஜொலிக்கும். பஸ்ஸே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. கோட்டையோடு எடுத்ததை விட அவரோடு எடுத்த படங்கள்தான் அதிகம்.

மூன்றாம் நாள் அரண்மனையில் விஷயம் முற்றிவிட்டது. தர்பார் மண்டபத்தில் அறுபத்து நாலு தூண்கள் என்றார் கைடு. தொப்பிக்காரரும் சுடச்சுட அதை அனுப்பிவிட்டார். எழுபத்திரண்டு என்றார் பெரியவர். திருத்தி மறுபடி அனுப்பிவிட்டு, முதலில் அனுப்பியதை அழிப்பதற்குள் ஊரிலிருந்த மச்சான் பார்த்துவிட்டு, அதெப்படி அரை நிமிஷத்தில் எட்டுத் தூண் முளைத்தது என்று கேட்டுத் தொலைத்தார்.

தொப்பிக்காரர் நேராகக் கைடிடம் போனார். "ஏன்யா, ஒண்ணையாவது சரியாச் சொல்லத் தெரியாதா உனக்கு?"

பெரியவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"தப்புதான் சார். ஐயா சொன்னா சரியா இருக்கும்," என்றார் கைடு.

அப்போதுதான் புகார் பிறந்தது. டிரைவர் வந்து கெஞ்சிப் பார்த்தார். போட்டோவுக்கு நேரம் தராமல் பேசிக்கொண்டே இருக்கிறார் என்று கைடின் பேரில் ஏற்கெனவே இரண்டு புகாராம். மூன்றாவது போனால் சீட்டைக் கிழித்துவிடுவார்களாம். பிள்ளைகுட்டிக்காரராம்.

தொப்பிக்காரர் மசியவில்லை. ஒவ்வொரு இடத்தையும் கண்ணாரக் கண்டு உணர வந்தவர்களை இப்படி ஏமாற்றலாமா என்று டிரைவரையே கேட்டார்.

'நாங்கள் அனைவரும் நேரில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்ததில், மண்டபத்தில் எழுபத்திரண்டு தூண்கள் இருந்தன' என்று எழுதினார். யாரும் எண்ணவில்லைதான். புகார் என்றால் அதற்கு ஒரு கனம் வேண்டாமா? தாள் சீட்டு சீட்டாகப் போய்த் திரும்பி வந்தபோது அவரோடு சேர்த்து முப்பத்தெட்டு கையெழுத்து இருந்தது. படித்துப் பார்த்துப் போட்டவர் ஒருவரும் இல்லை.

கடைசியாக முன் சீட்டுக்கு வந்தார். பெரியவர் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மகள் தாளை வாங்கி முழுவதும் படித்தாள்.

"ஐயா முழிச்சதும் ஒரு கையெழுத்து வாங்கிக் குடும்மா. அவர்தான் எங்க முக்கிய சாட்சி."

அவள் அப்பாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா முப்பது வருஷம் இதே ரூட்ல கைடா இருந்தவர் சார். இப்போ எல்லாம் கலைஞ்சு போச்சு. காலையில என்னையே 'நீங்க எந்த பஸ்ஸும்மா'ன்னு கேட்டார். நீங்க சொல்றது தப்புன்னு யாராவது சொன்னா குழந்தை மாதிரி அழுதுடுவார்."

தொப்பிக்காரர் முதல் தடவையாக வாயடைத்து நின்றார்.

"குறுக்க பேசினா கண்டுக்காதீங்கன்னு முதல் நாளே கைடுகிட்ட சொன்னேன். அவர் என்னடான்னா, மூணு நாளா பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டு அப்பாவை ஜெயிக்க வெச்சார். கடிகாரம் மூணுதான் சார். தூணும் அறுபத்து நாலுதான்."

தாளை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கப்பாவுக்கு மறதி வியாதி. ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தோம்னு கையெழுத்துப் போட்ட உங்க முப்பத்தெட்டு பேருக்கும் என்ன வியாதி சார்?"