நாலு நாப்பதுக்கு நிக்குது

"ஆமாங்க பாய், நான்தான் சேர்த்தேன். எடுக்க மாட்டனுங்க."

முஜீப் பாய்க்கு மூஞ்சி செவந்துபோச்சு. காளப்பநாயக்கன்பட்டியில கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தறவரு. இன்ஜினியரு. நான் ராத்திரி ஸ்கூல்ல படிச்சுட்டு அவருகிட்ட சம்பளம் வாங்கறவன்.

லாரி புக்கிங் ஆபீஸுங்களுக்கு சாப்ட்வேர் செஞ்சு குடுக்கறது எங்க தொழில். ஆளாளுக்கு எழுதுன புரோகிராமை எல்லாம் ஒண்ணு சேர்த்து சிடியில ஏத்தறதுக்கு ஒரு டூல் இருக்குது. இதச் செய்யி, அடுத்து அதச் செய்யின்னு லிஸ்ட் குடுத்தா செய்யும். 'இப்படி இருந்தா மட்டும் அப்படிச் செய்யி'ன்னா அதுக்கு வெளங்காது. அதனால நாப்பது ஆபீஸுக்கு நாப்பது லிஸ்ட்.

போன மாசம் அந்த டூலுக்குள்ள பைத்தான்னு ஒரு பாஷையைச் சேர்த்து உட்டேன். இப்ப ஒரே பைலு. யாருக்கு என்னன்னு அதுவே பார்த்துக்குது.

"லிஸ்ட் இருந்தவரைக்கும் நின்னுதா? பாம்புப் பேரு வச்ச பாஷையைக் கொண்டாந்து உள்ள உட்டீங்க. தெனமும் நாலு நாப்பதுக்கு டக்குனு நிக்குது. எல்லாரும் போனதுக்கப்புறம் நான் ஒருத்தன் ஒக்காந்து முடிக்கறேன்!"

"பாஷை மேல தப்பில்லீங்க. பைலைத் தொறந்து பார்த்துச் சொல்றேன்."

"தொறக்காதீங்க! இருக்கறதும் கெட்டுப்போயிரும். சனிக்கிழமை அதைத் தூக்கிரப்போறேன்."

"பாஷை போனா நானும் போறனுங்க. லிஸ்ட் அடிக்க வேற ஆளைப் பாருங்க."

பாய் விருட்டுனு உள்ள போயிட்டாரு. மூணு வாரமா இதே சனிக்கிழமையத்தான் சொல்லிட்டிருக்காரு.

"எதுக்குங்ணா வம்பு?"ன்னா தேன்மொழி. டூலை ஓட்டறது அவதான். மலை மேல, குண்டனி நாடுங்கற ஊர்ல ஊடு. கடைசி பஸ் இப்பல்லாம் அஞ்சு மணிக்கே.

பஸ் நேரத்தை மாத்துனப்ப, ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடி கெளம்பிக்கட்டுங்களான்னு பாயைக் கேட்டுப் பார்த்தா. "ஆறு மணின்னா ஆறு மணிதான். ஒருத்தருக்கு உட்டா அத்தன பேரும் கேப்பீங்க"ன்னு எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிட்டாரு. வேலையை உடறதுன்னு லெட்டர் எழுதி பையில வச்சிருந்தா புள்ளை. இன்னும் குடுக்கல.

"டூலு நின்னாத் திட்டு எனக்குத்தான் உழுகுது. 'ஓட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, என் கண்ணு முன்னால நிக்காத, போ'ங்கறாரு. ஓடிப்போயி பஸ்ஸைப் புடிச்சுக்கறேன்."

"நீ சும்மா இரு கண்ணு. தப்பு என் பக்கமா, அவரு பக்கமான்னு இன்னிக்குப் பார்த்துர்றேன்."

தொறக்காதீங்கன்னு சொன்ன பைலைத் தொறந்தேன். சம்பளம் போனாப் போகுது, பேரு போகக்கூடாது பாருங்க.

மேலருந்து வரி வரியாப் படிச்சேன். எல்லாம் என் கைப்பட எழுதுனது. அடியில மட்டும் ரெண்டு வரி, நான் எழுதாதது. தமிழ்ல சொன்னா இதுதான்:

ஓட்டறது தேன்மொழியா இருந்து, மணி நாலு நாப்பது ஆச்சுன்னா நிறுத்து.

ஆறரைக்கு நீயே ஆரம்பிச்சு மீதியை முடி.

லிஸ்ட்டுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கவே முடியாது. ரெண்டு தடவை படிச்சேன். எழுத்து சுத்தமா இருந்துச்சு, என்னுதை விட.

அந்தப் பைலை மாத்தறதுக்கு பாஸ்வேர்டு வேணும். தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நான் ஒருத்தன்.

இன்னொருத்தரு உள்ளருந்து கத்துனாரு. "கொழந்தைசாமி! அங்க என்ன நோண்டிட்டிருக்கீங்க? வாங்க இங்க!"

"ஒண்ணுமில்லீங்க பாய், வாரேன்"னு பைலை மூடிட்டு எந்திரிச்சுப் போனேன்.